ஆசனத்தை அளந்தவர்கள்: யோகத்தில் உடல் நேர்நிலையும் பாதுகாப்பும்

பள்ளி மாணவர்கள் யோகாசனத்தை அறிவியல் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும்போது அந்த ஆய்வு பெரும்பாலும் ஒரே வழியில்தான் நடைபெறுகிறது: பயிற்சி செய்பவரின் தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் வண்ணப் பொட்டுகள் ஒட்டப்படுகின்றன, பக்கவாட்டிலிருந்து ஒளிப்படம் எடுக்கப்படுகிறது, பொட்டுகளை இணைக்கும் கோடுகளுக்கு இடைப்பட்ட கோணம் கோணமானியாலோ கணினி நிரலாலோ அளக்கப்பட்டு, நூலில் கண்ட படத்தின் கோணத்தோடு ஒப்பிடப்படுகிறது. வேறுபாடு குறைவாக இருந்தால் ஆசனம் சரி, மிகுதியாக இருந்தால் தவறு, தவறான ஆசனம் காயத்தை உண்டாக்கும் என்பது இத்தகைய ஆய்வுகளின் அடிப்படைக் கொள்கை. எலும்புகளும் மூட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று உரிய வரிசையில் அமைந்து, உடலின் எடை எந்த ஒரு மூட்டிலும் மிகையாகக் குவியாமல் இறங்கும் அமைப்பையே ‘உடல் நேர்நிலை’ என்கிறோம். இந்த நேர்நிலைதான் பாதுகாப்பின் அளவுகோல் என்ற எண்ணம் இன்று யோகப் பள்ளிகளில் கேள்விக்கு அப்பாற்பட்டதாகத் தோன்றினாலும், அதன் வயது ஏறத்தாழ நூறு ஆண்டுகளே. யோகமோ அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

பழைய நூல்களில் நேர்நிலை பற்றிய குறிப்பு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சுவேதாசுவதர உபநிடதம் மார்பு, கழுத்து, தலை ஆகிய மூன்றையும் நிமிர்த்தி உடலைச் சமமாக வைக்கச் சொல்கிறது. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயமும் உடல், தலை, கழுத்து ஆகியவற்றை அசைவின்றி ஒரே நேராக நிறுத்தும்படி தியானம் செய்பவருக்குக் கூறுகிறது. ஆனால் இவை நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டியவருக்கான அறிவுரைகள். மூட்டுக் காயத்தைப் பற்றிய கவலை அவற்றில் இல்லை. பதஞ்சலி தம் யோகசூத்திரத்தில் ஆசனத்துக்கு ஒதுக்கியவை மூன்று சூத்திரங்கள் மட்டுமே. ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்பதற்கு மேல் கை எங்கே, கால் எங்கே என்று அவர் எதுவும் வகுக்கவில்லை. தமிழில் திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கும்போது, பலவாகப் பரந்த ஆதனங்களுள் எட்டை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. பத்திரம், கோமுகம், பங்கயம், சிங்கம் என்று அமையும் அவற்றில் பெரும்பாலானவை அமர்ந்த நிலைகளே.

பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய அடயோகப் பிரதீபிகை பதினைந்து ஆசனங்களையும், அதற்குப் பின் தோன்றிய கேரண்ட சம்ஹிதை முப்பத்திரண்டு ஆசனங்களையும் விளக்குகின்றன. பாதுகாப்பு பற்றிய எச்சரிக்கைகள் இந்நூல்களில் உண்டு. ஆனால் அவை இன்றைய வாசகர் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. சிங்கத்தையும் யானையையும் புலியையும் மெல்ல மெல்லப் பழக்குவதுபோல மூச்சையும் படிப்படியாகவே வசப்படுத்த வேண்டும், இல்லையேல் அது பயில்பவரையே அழித்துவிடும் என்று பிரதீபிகை அஞ்சவைக்கிறது. முறை தவறிய பிராணாயாமத்தால் விக்கல், இழுப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி வரும் என்றும் பட்டியலிடுகிறது. தலை கீழாகவும் கால் மேலாகவும் நிற்கும் விபரீதகரணியை முதல் நாள் ஒரு கணம் மட்டுமே செய்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்லச் சொல்வதும் அந்நூலே. உடலை வருத்தும் செயல்களை யோகி தவிர்க்கவேண்டும் என்ற குறிப்பும் அதில் காணப்படுகிறது. ஆக, பழைய ஆசிரியர்கள் அஞ்சியது கோணத்தின் பிழைக்கு அன்று. அவசரத்துக்கும் அளவு மீறலுக்கும்தான். இன்றைய உடற்பயிற்சி அறிவியலார் பயிற்சிச் சுமையைப் படிப்படியாகக் கூட்டுதல் என்று குறிப்பிடும் கொள்கைக்கு இது மிக நெருங்கி நிற்பது கவனிக்கத்தக்கது.

ஆசனத்தை முதன்முதலில் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், குவலயானந்தர் என்று பின்னாளில் அறியப்பட்ட ஜகந்நாத் கணேஷ் குணே. 1883இல் பிறந்த இவர், பரமஹம்ச மாதவதாசரிடம் யோகம் பயின்றபின், 1924இல் மும்பைக்கும் புனேவுக்கும் இடையிலுள்ள மலையூரான லோனாவாலாவில் கைவல்யதாமம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ‘யோக மீமாம்சா’ என்ற ஆய்விதழையும் அதே ஆண்டில் வெளிக்கொணர்ந்தார். மூச்சை முழுவதும் வெளியேற்றி வயிற்றை உள்ளிழுக்கும் உட்டியானத்தையும், வயிற்றின் நடுத்தசைகளைத் தனியே பிரித்து முன்னே தள்ளும் நௌலியையும் ஊடுகதிர்ப் படங்களாலும் அழுத்தமானியாலும் அவர் சோதித்தார். நௌலியின்போது பெருங்குடலுக்குள் காற்றழுத்தம் வெளியிலுள்ளதைவிடக் குறைகிறது என்றும், அதனாலேயே வெளியிலுள்ள நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது என்றும் கண்டு, அந்த வெற்றிடத்துக்குத் தம் குருவின் பெயரைச் சூட்டினார். குருவின் பெயரை ஓர் இயற்பியல் நிகழ்வுக்கு இட்ட இச்செயலில், இரண்டு உலகங்களையும் ஒருங்கே நம்பிய ஒரு தலைமுறையின் மனநிலை தெளிவாகத் தெரிகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். குவலயானந்தர் அளந்தவை அழுத்தம், குருதி ஓட்டம், உள்ளுறுப்புகளின் இடமாற்றம் போன்றவை. மூட்டுக் கோணங்களில் அவர் அதிகம் கருத்துச் செலுத்தவில்லை. ஆகவே அவருடைய எச்சரிக்கைகளும் அந்த வழியிலேயே அமைந்தன: காதில் சீழ் வடிபவரும், கண்ணின் நுண்குழாய்கள் நலிந்தவரும், குருதியழுத்தம் இயல்பு நிலையில் இல்லாதவரும் சிரசாசனத்தைத் தாமாகத் தொடங்கக் கூடாது என்று அவர் வகுத்தார். யார் எதைச் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்ற வினாவே அவருக்கு முதன்மையாக இருந்தது. எப்படி நிற்பது என்பது அதற்கு அடுத்ததாகவே வந்தது.

அந்த இரண்டாம் வினா வேறோர் இடத்திலிருந்து வலுப்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவீடனின் லிங் வகுத்த உடற்பயிற்சி முறையும், அதை ஒட்டிப் படைகளிலும் பள்ளிகளிலும் பரவிய அணிவகுப்புப் பயிற்சியும் ஆங்கிலேய ஆட்சியின் வழியாக இந்தியாவுக்கு வந்தன. வரிசையாக நிற்றல், கட்டளைக்கேற்ப ஒரே நேரத்தில் கையுயர்த்தல், முதுகு நிமிர்தல் ஆகியவை நல்ல உடலின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. 1930களில் குவலயானந்தரே பள்ளி மாணவர்களுக்காகக் கூட்டு யோகப் பயிற்சியை வகுத்தபோது, ஆசனங்கள் எண்ணிக்கைக்கேற்பக் கட்டளை முறையில் செய்யத்தக்கவையாக மாற்றப்பட்டன. இன்றைய ஆசனப் பயிற்சியின் பெரும்பகுதி இந்த ஐரோப்பிய உடற்பயிற்சிக் கலப்பால் உருவானது என்று மார்க் சிங்கிள்டன் 2010இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். அது முழுமையாக ஏற்கப்பட்ட முடிவு அன்று. ஆசன எண்ணிக்கை பெருகியது ஐரோப்பியத் தாக்கத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்குச் சான்றுகள் உண்டு. மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் உருவான ‘ஸ்ரீதத்துவநிதி’ என்ற ஓவிய நூலில் 122 ஆசனங்கள் தீட்டப்பட்டுள்ளன, அவற்றுள் கயிற்றைப் பற்றிச் செய்பவையும் அடக்கம். எனினும், எண்ணிக்கையைப் பற்றி எதைச் சொன்னாலும், நேர்கோட்டின் மீதான பற்று அணிவகுப்புத் திடலோடு உறவுடையது என்பதை மறுப்பது கடினம்.

மைசூர் அரண்மனையே இந்த வரலாற்றின் அடுத்த களமாகவும் அமைந்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1930களின் தொடக்கத்தில் ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தினார். 1934இல் அவருடைய ‘யோக மகரந்தம்’ கன்னடத்தில் வெளிவந்தது. அங்கே பயின்றவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்கள். மூச்சோடு இணைத்து ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிச்செல்லும் வேகமான முறை அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அரண்மனை விருந்தினர் முன்னும் வெளியூர்களிலும் அவர்கள் ஆசனங்களைச் செய்துகாட்டினர். கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்களிடமிருந்து மூன்று வெவ்வேறு மரபுகள் கிளைத்தன. மைசூரிலேயே தங்கிய பட்டாபி ஜோயிஸ் வேகமான தொடர்முறையைக் காத்தார். மற்ற இரண்டும் நேர்நிலை பற்றிய வினாவுக்கு நேர்மாறான விடைகளை அளித்தன என்பதால் அவற்றைச் சற்று விரிவாகக் காணவேண்டும்.

1918இல் கோலார் மாவட்டத்துப் பெல்லூரில், இன்புளுவென்சா கொள்ளைநோய் பரவிய ஆண்டில் பிறந்த பி.கே.எஸ். ஐயங்கார், மலேரியா, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றால் நலிந்த சிறுவனாகத் தம் அக்காளின் கணவரான கிருஷ்ணமாச்சாரியாரிடம் வந்துசேர்ந்தார். தொடக்கப் பயிற்சியில் தமக்கு நேர்ந்த கடும் வலிகளைப் பற்றிப் பின்னாளில் அவரே பேசியுள்ளார். 1937இல் புனேவுக்குக் கற்பிக்கச் சென்றபின், வழிகாட்ட ஆளின்றித் தம் உடலையே சோதனைக்களமாக்கி, எந்த அசைவு எங்கே இழுக்கிறது, எங்கே அழுத்துகிறது என்று ஆராய்ந்தார். 1952இல் மும்பையில் அவரைச் சந்தித்த வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் அவரை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார்; 1966இல் வெளிவந்த ‘லைட் ஆன் யோகா’ நூலுக்கு முன்னுரை எழுதியவரும் மெனுஹினே.

அந்நூலில் சுமார் இருநூறு ஆசனங்கள் அறுநூறு அளவிலான ஒளிப்படங்களோடு விளக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் ஆசனத்துக்கும் 1 முதல் 60 வரையிலான கடினத்தன்மை எண் தரப்பட்டிருப்பது, படிப்படியாகச் செல்க என்ற பழைய அறிவுரையை எண்ணாக மாற்றிய முயற்சி எனலாம். உத்தித திரிகோணாசனத்தில் கால்களை 3 முதல் 3.5 அடி அகற்றி, வலப்பாதத்தைத் 90 பாகை திருப்பி, முழங்காற்சில்லை மேலிழுக்கச் சொல்லும் துல்லியம் அதற்கு முந்தைய யோக நூல்களில் காண்பதற்கரியது. உயர் அல்லது தாழ் குருதியழுத்தம் உள்ளவர் சிரசாசனத்தில் தொடங்கலாகாது, காதில் சீழ் அல்லது விழித்திரை விலகல் உள்ளவர் தலைகீழ் ஆசனங்களை முயலலாகாது என்ற எச்சரிக்கைகளும் அதில் உண்டு. ஆனால் வாசகர் மனத்தில் எச்சரிக்கைகளைவிட ஆழமாகப் பதிந்தவை ஒளிப்படங்களே. நெகிழ்வின் எல்லையைத் தொட்ட ஒரு தனிமனிதரின் உடல், உலகெங்கும் ‘சரியான ஆசனம்’ என்பதன் அளவுகோலாயிற்று.

அந்த அளவுகோலை எல்லா உடல்களும் எட்டாது என்பதை ஐயங்கார் தம் மாணவர்களிடமே கண்டுகொண்டார். மரக்கட்டை, பட்டை, மடித்த கம்பளம், நாற்காலி, சுவரில் பொருத்திய கயிறு ஆகிய துணைக்கருவிகளை அவர் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது இதனாலேயே. தரையைத் தொட முடியாத கைக்குத் தரையையே கட்டையாக உயர்த்தித் தருவது இம்முறையின் சாரம். மறைந்த மனைவி ரமாமணியின் பெயரால் 1975இல் புனேவில் திறக்கப்பட்ட யோக நிலையத்தில் இக்கருவிகள் முறைப்படுத்தப்பட்டன. கழுத்து மிகையாக மடியாதிருக்கச் சர்வாங்காசனத்தில் தோள்களுக்கு அடியில் கம்பளங்களை அடுக்கும் வழக்கமும் இம்மரபின் அடையாளமாயிற்று. இலண்டன் மாநகரக் கல்வி அமைப்பு 1960களின் இறுதியில் வயதுவந்தோர் கல்வி வகுப்புகளில் யோகத்தை ஏற்றபோது, ஆன்மிகத்தைத் தவிர்த்து ஆசனமும் பிராணாயாமமும் மட்டுமே கற்பிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் இம்முறையைத் தேர்ந்தது. அரசு நிதியில் நடக்கும் வகுப்புக்குத் தரப்படுத்தலும் ஆசிரியர் தேர்வும் தேவைப்பட்டன. வடிவம் என்பது கண்ணால் கண்டு மதிப்பிடத்தக்கது. நேர்நிலை என்ற கருத்து வேரூன்றியதில் இத்தகைய நிர்வாகத் தேவைக்கும் பங்குண்டு.

இதற்கிடையே 1950களில் சென்னையில் குடியேறிய கிருஷ்ணமாச்சாரியார், மைசூரில் சிறுவர்களுக்குக் கற்பித்த முறையையே கைவிட்டார் என்று சொல்லுமளவுக்கு மாறியிருந்தார். நோயாளிகளும் முதியவர்களும் இல்லறத்தாரும் ஒருவர் ஒருவராக வந்தனர். ஒவ்வொருவரின் வயது, தொழில், நோய், மூச்சின் நீளம் ஆகியவற்றுக்கேற்ப ஆசனம் மாற்றியமைக்கப்பட்டது. அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் இம்முறையைத் தொடர்ந்தது. இங்கே முழங்காலை மடித்துக் குனிவது குறையாகக் கருதப்படவில்லை; முதுகு நீளவேண்டும், மூச்சு தடைபடலாகாது, அவ்வளவே. கட்டையை வைத்து உடலை வடிவத்துக்குக் கொண்டுவந்தது புனே. வடிவத்தை உடலுக்கேற்ப வளைத்தது சென்னை. ஒரே ஆசிரியரிடமிருந்து பிறந்த இவ்விரு விடைகளில், பாதுகாப்பு என்ற ஒரே நோக்கில் பார்த்தால் சென்னையின் விடையே பதஞ்சலிக்கு நெருக்கமானது. ஆனால் அதைப் படமெடுத்துப் பரப்புவது கடினம் என்பதால் உலகம் புனேவின் படங்களையே மிகுதியும் கண்டது.

யோகம் மேற்கில் பெருகியதும் மருத்துவ இதழ்களில் காயங்கள் பதிவாகத் தொடங்கின. 1971இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில், குதிகால்களின் மேல் நெடுநேரம் அமர்ந்ததால் காலின் நரம்பு நசுங்கிப் பாதத்தை உயர்த்த முடியாமற்போன ஒருவரைப் பற்றி ஜோசப் சூசிட் எழுதினார். அவ்வாறு அமரும் வச்சிராசனம் யாரும் ஆபத்தானது என்று கருதாத ஆசனம். அங்கே பிழை வடிவத்தில் இல்லை, நேரத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு ஆக்ஸ்போர்டு நரம்பியல் மருத்துவர் ரிட்சி ரசல் பிரித்தானிய மருத்துவ இதழில் கழுத்து முள்ளெலும்புத் தமனிகளைப் பற்றி எச்சரித்தார். இத்தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகளின் வழியே ஏறி, மேலே வளைந்து மூளையின் பின்பகுதிக்குக் குருதியைக் கொண்டுசெல்பவை. கழுத்து மிகையாகப் பின்னோக்கி வளைந்தாலோ திரும்பினாலோ அவை முறுக்கிக்கொண்டு உட்சுவர் கிழியவும், குருதிக்கட்டி உருவாகிப் பக்கவாதம் ஏற்படவும் வாய்ப்புண்டு என்பது அவர் கூற்று. 1973இல் வில்லிபால்ட் நாக்லர், பின்வளைந்த ஆசனத்தின்போது பக்கவாதத்துக்கு உள்ளான 28 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார்.

தனித்தனி நிகழ்வுப் பதிவுகளின் வலிமையும் வரம்பும் ஒன்றே: ஒரு காயம் நிகழக்கூடியது என்பதை அவை நிறுவும், எத்தனை பேரில் ஒருவருக்கு நிகழும் என்பதைச் சொல்ல அவற்றால் இயலாது. 2013இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த இத்தகைய பதிவுகளைத் தொகுத்தபோது மொத்தம் 76 நிகழ்வுகளே கிடைத்தன. அவற்றுள் 27 தசை, எலும்பு சார்ந்தவை. 14 நரம்பு மண்டலத்தைச் சார்ந்தவை. 9 கண்ணைச் சார்ந்தவை. சிரசாசனம், பதுமாசனம், வேகமான மூச்சுப் பயிற்சிகள் ஆகியவையே அப்பதிவுகளில் அடிக்கடி இடம்பெற்றன. பிரதீபிகையின் கண்வலிக் குறிப்பை இப்பட்டியலோடு ஒப்பிடத் தூண்டப்படுவது இயல்பு. ஆனால் அது மூச்சைப் பற்றிய குறிப்பு, தலைகீழ் நிலையைப் பற்றியது அன்று.

கண்ணைப் பொறுத்தவரை சென்னையிலேயே ஒரு முதன்மையான அளவீடு நடைபெற்றுள்ளது. யோகம் பயில்வோர் 75 பேரைச் சங்கர நேத்திராலய மருத்துவர்கள் ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, சிரசாசனத்தின்போது விழிக்குள் இருக்கும் நீர்மத்தின் அழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகிறது. எனினும் அப்பயிற்சியாளர்களிடையே நிலையான உயர் விழியழுத்தம் பொதுமக்களைவிட மிகுதியாகக் காணப்படவில்லை. கண்ணழுத்த நோய் உள்ளவருக்கு அந்த அழுத்த உயர்வு பொருட்படுத்த வேண்டிய செய்தி. ஆசனத்தை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் இந்த உயர்வு தவிர்க்க முடியாதது, ஏனெனில் அது தலை கீழே இருப்பதன் விளைவு. கோணம் பிசகியதன் விளைவு அன்று.

கழுத்தின் மீது இறங்கும் எடையை டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விசை அளவுத் தகடுகளைக் கொண்டு அளந்தனர். அனுபவமுள்ள 45 பேரை வைத்துச் செய்யப்பட்டு 2015இல் அச்சேறிய அந்த ஆய்வில், சிரசாசனத்தில் உச்சந்தலை தாங்கிய உச்ச எடை உடலெடையில் 40 முதல் 48 விழுக்காடு வரை இருந்தது. முன்கைகளே எடையைத் தாங்கும், தலை தரையை வெறுமனே தொட்டிருக்கும் என்று பல வகுப்புகளில் சொல்லப்படுவதோடு இது பொருந்தவில்லை. இன்னொன்றும் புலப்பட்டது: கால்களை எந்த முறையில் மேலேற்றுகிறார் என்பதைப் பொறுத்துக் கழுத்தின் சுமையும், அது ஏறும் வேகமும் மாறின. நேராக நின்றபின் எடுக்கப்படும் படத்தில் இந்த வேறுபாட்டின் தடயமே இருக்காது.

2015 சூன் 21 அன்று முதல் உலக யோகா நாள் கொண்டாடப்பட்டபின் பள்ளிகளில் யோகம் விரைந்து பரவியது. 2020இல் இந்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாகவும் ஏற்றது. நடுவர் மதிப்பெண் இடும் இடத்தில் வடிவத்துக்கு முதன்மை கிடைப்பது தவிர்க்க இயலாதது. அதே ஆண்டில் இரண்டு தொழில்நுட்ப நிகழ்வுகளும் சேர்ந்துகொண்டன. 82 ஆசனங்களைக் காட்டும் 28,000-க்கும் மேற்பட்ட இணையப் படங்களின் தொகுப்பு ஒன்று ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது; கைப்பேசி ஒளிப்படக்கருவியின் வழியே மனித உடலில் 33 புள்ளிகளை நொடிப்பொழுதில் அடையாளம் காணும் ‘பிளேஸ்போஸ்’ என்ற நிரலை கூகுள் ஆய்வாளர்கள் அளித்தனர். இதற்குமுன் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில் நடந்த அளவீடு பள்ளி மாணவரின் கைக்கு வந்தது இவ்வாறுதான். மூன்று புள்ளிகளின் இருப்பிடம் தெரிந்தால் நடுப்புள்ளியிலுள்ள மூட்டின் கோணத்தைக் கணக்கிடலாம்; ஒப்பீட்டுக் கோணத்திலிருந்து விலகினால் திரையில் சிவப்புக் கோடு தோன்றச் செய்யலாம்.

இந்த முறைக்குரிய பிழைகளுள் சில எளிதில் திருத்தக்கூடியவை. ஒளிப்படக்கருவி உடலுக்குச் செங்குத்தாக இல்லாவிடில் கோணம் மாறித் தெரியும். தளர்ந்த உடை இடுப்பை மறைக்கும். ஒரு கால் மற்றொன்றை மறைத்தால் நிரல் ஊகம் செய்யும். இவற்றைக் கவனமுள்ள மாணவர் ஒரு பிற்பகலில் கண்டுகொள்வார். தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியில் பொருந்தும் கோணமே ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், ஒருவருக்கு எளிதாக வரும் பதுமாசனம் மற்றொருவரின் முழங்காலைத் திருகிவிடும் என்பது இன்னும் கடினமான சிக்கல். அதை வெளியிலிருந்து எடுத்த எந்தப் படமும் காட்டாது. எல்லாவற்றையும்விட, அந்த 33 புள்ளிகளின் பகிர்வே ஆராயத்தக்கது. முகத்தில் மட்டும் பதினொரு புள்ளிகள் உள்ளன; எஞ்சியவை தோள், முழங்கை, மணிக்கட்டு, கை விரல்கள், இடுப்பு, முழங்கால், கணுக்கால், குதிகால், பாதம் ஆகியவற்றில் அமைகின்றன. தோளுக்கும் இடுப்புக்கும் இடையில் முதுகெலும்பின் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. ரசல் எச்சரித்த கழுத்தெலும்புகளின் மேலும் இல்லை.